முட்டை இல்லாத மீன்

வாங்க அண்ணாச்சி, அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காருங்க. கோவில்பட்டியில இருந்தா வாறிய? விலாங்கு இல்ல. நீங்க வாயத் தொறக்கதுக்கு முன்னயே சொல்லிட்டேன், கோவிச்சுக்கிடாதிய. அய்யாவுக்கு மூலம்ங்கிய, ரத்தமா போவுதுங்கிய, கேக்க எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. ஆனா அந்தா கெடக்கு பாருங்க நீல டிரம்மு, வேணும்னா மூடியத் தொறந்து பாத்துக்கிடுங்க. பல்லி கில்லி செத்துக் கெடந்தா உண்டு.

முன்னெல்லாம் இப்பிடியா? அந்த டிரம்முக்குள்ள கைய விட்டா கையச் சுத்தி நெளியும். கார் போட்டு வருவாவ. பிள்ளை பெத்தவளுக்குன்னு வருவாவ, ஆபரேசன் ஆனவனுக்குன்னு வருவாவ. பஸ் ஸ்டாப்புல எறங்கி, விலாங்குக்கார முப்பிடாதி வீடு எதுன்னு கேட்டா சின்னப் புள்ள கூட கையக் காட்டும். அந்த வருமானத்துலதான் இந்த வீட்டுக்குக் காரை போட்டேன், மவளப் படிக்க வச்சேன். இப்ப எங்க வீட்டு ஆளு டவுன்ல ஒரு ஜவுளிக்கடை வாசல்ல தொப்பி மாட்டிக்கிட்டு நிக்காவ. ஆத்துக் கசத்துல முங்கி, பாறை இடுக்குல வெறுங்கைய விட்டு விலாங்க உருவிட்டு வந்த மனுசன். வாறவன் போறவனுக்கெல்லாம் கதவத் தொறந்து விட்டுக்கிட்டு சலாம் போடுதாவ. எல்லாம் ஒருத்தனால. அவன் வெளங்குவானா? வெளங்க மாட்டான். வெளங்க விடவும் மாட்டேன்.

மோர் குடிங்க. குடிச்சுக்கிட்டே கேளுங்க. அடுத்த பஸ்ஸுக்கு நேரம் கெடக்கு.

நீங்க வரும்போது பாலத்துல இருந்து ஒரு அணைக்கட்டு பாத்திருப்பிய, ஆத்துக்குக் குறுக்க. பழைய கட்டு. அதுல ஷட்டர ஏத்தி எறக்கிட்டு இருந்தவன் அவன், பலவேசம்னு பேரு. லஸ்கரும்பாவ. கெவுருமெண்டு உத்தியோகம், கட்டுக்குப் பக்கத்துலயே வீடு. எங்க கசம் கட்டுக்கு மேல இருக்கு. கசம்னா ஆத்துல ஆழமான எடம், கோடையிலயும் வத்தாது. அந்தக் கசத்த நம்பித்தான் எங்க தெருவே இருந்துச்சு. சும்மா சொல்லக் கூடாது, ஒரு காலத்துல நானும் அவன் பொண்டாட்டியும் அக்கா தங்கச்சி கணக்கா இருந்தோம். எங்க வீட்டுல விலாங்கு கொழம்பு வச்சா மொதக் கிண்ணம் அவ வீட்டுக்குத்தான் போவும். அந்தக் கொழம்பெல்லாம் நெனச்சா இப்ப வயிறு எரியுது.

என்ன செஞ்சான்னு கேளுங்க. எம் மவ மாரித்தங்கத்த அவன் மவனுக்குக் கேட்டு அவனாத்தான் வந்தான். நாங்க போவல. பூ வைக்க நாள் குறிச்சாச்சு. சேலை எடுத்தாச்சு. தெருவு பூரா வெத்தலை வச்சு சொல்லியாச்சு. அதுக்குப் பெறவு ஒரு நாள் தனியா வந்து, தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு, குடுப்பினை இல்ல தங்கச்சி, காரணம் கேக்காதங்கான். காரணம் கேக்காதயாம். கூடுன சனத்துக்கு நான் என்ன சொல்லுவேன்? எம் பொண்ணுல என்ன குத்தம்னு ஊரு பேசாதா? அவன் வாசலத் தாண்டுததுக்குள்ள ரெண்டு கையாலயும் மண்ண அள்ளித் தூத்துனேன். நீ நாசமாப் போவ, ஒங் குடும்பம் இந்த ஊருல இல்லாமப் போவன்னு.

மவ? அத ஏன் கேக்கிய. கண்ணுல பொட்டுத் தண்ணி இல்ல. அந்தப் பாவி உக்காந்திருக்கான், இவ பாட்டுக்கு உள்ள போயி அவனுக்குக் காப்பி போட்டுக் கொண்டாந்து குடுக்கா. டம்ளர வாங்கும்போது அவன் இவளைப் பாக்கான், இவ அவனப் பாத்துக் கும்புடுதா. பிள்ளைக்கு அதிர்ச்சியில புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நெனச்சேன். அடுத்த தையில கூடப் படிச்ச தூத்துக்குடிப் பையனக் கெட்டிக்கிடுதேன்னு நின்னா. வந்த வரைக்கும் லாபம்னு கெட்டிக் குடுத்தோம். நல்லாத்தான் இருக்கா, ரெண்டு பிள்ளை. அதுக்காக நான் விட்டுருவனா? அவ மறக்கலாம். பெத்தவ மறப்பனா?

அன்னையில இருந்து அவன் மேல ஒரு கண்ணு வச்சேன். காலையில குளிக்கப் போனா கட்டுப் பக்கம், துணி தொவைக்கப் போனா கட்டுப் பக்கம். எங்கயாச்சும் சறுக்காமலா போவான்னுதான். சறுக்குனான்.

ஐப்பசி மழைக்கு ஆத்துல புதுத்தண்ணி வந்து வடிஞ்சிருந்துச்சு. கட்டுக்கு மேல தண்ணி நிக்கி, கீழ கணுக்கால் அளவு கெடக்கு. ஓரத்து ஷட்டர்ல மட்டும் ஒரு கசிவு, ரொம்ப வருசமாவே உண்டு. சுவத்துல வழிஞ்சு வழிஞ்சு பாசி புடிச்சுக் கெடக்கும். அந்த எடத்துல இவன் என்ன செய்யுதான்னா, வைக்கோல்ப் பிரி முறுக்கித் தொங்க விடுதான். மேல ஷட்டர் மூலையில இருந்து கீழ தண்ணி தொடுத வரைக்கும், தடி தடியா, வரிசையா. அந்தக் கசிவுத் தண்ணி பிரியில எறங்கி நனைஞ்சுக்கிட்டே இருக்கு. தொட்டுத் தொட்டுப் பாக்கான், குனிஞ்சு என்னமோ பேசுதான். செய்வினையேதான்னு நெனச்சேன். அவன் ஆடு மாடு வச்சிருக்கானா, வைக்கோலுக்கு அங்கன என்ன சோலி? நீங்களே சொல்லுங்க.

நேர கோடாங்கிகிட்டப் போனேன். பிரி, கசிவு, பலவேசம், மவ கல்யாணம் நின்னது, ஒண்ணு விடாமச் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு உடுக்கைய அடிச்சு அந்த மனுசன் சொன்னாரு பாருங்க, தண்ணி ஓரத்துல முறுக்குன பொருளு ஒண்ணு இருக்கு, அது ஒம் பொழப்பக் கெட்டுதுன்னு. எனக்குப் புல்லரிச்சுட்டு. எப்பிடித்தான் கண்டுபிடிச்சாரோ.

மறுநாளே அருவாளோட போயி அம்புட்டுப் பிரியையும் அறுத்து, சுடலைமாடன் கோயிலு பக்கத்துல போட்டுக் கொளுத்துனேன். ஈர வைக்கோலு, எரிய மாட்டேன்னுட்டு, மண்ணெண்ணெய ஊத்துனேன். அவன் திரும்பவும் கெட்டுனான். நான் திரும்பவும் அறுத்தேன். அடுத்த வருசமும் கெட்டுனான். என்னையப் பாத்துக் கத்துனானா, ஏசுனானான்னா, அதுவும் இல்ல. நின்னு பாத்துக்கிட்டு இருப்பான். குத்தமுள்ளவன் எப்பிடி வாயத் தொறப்பான்?

அறுத்துக்கிட்டே இருந்தா சரிப்படாது, வேரோட புடுங்கணும்னு யோசிச்சேன். பிரி நனையது கசிவுல. கசிவு இருந்தாத்தான பிரி கெட்டுவான்? கலெக்டர் ஆபீசுல திங்கக்கிழமை மனு குடுத்தேன். லஸ்கரு ஷட்டரச் சரி பண்ணாம தண்ணியப் பாழா விடுதான், யார் வயலுக்கு விடுதானோ, என்னத்த வாங்குதானோன்னு. ஒரு மனுவுல வருவானுவளா? விடல. போயிக்கிட்டே இருந்தேன். கடைசியில ஜீப்புல வந்துட்டாவ. ஷட்டருக்குப் புது ரப்பர் போட்டாவ. அதோட நிக்காம, பாசி புடிச்சுப் பொரிஞ்சு கெடந்த சுவத்தக் கொத்தி எறிஞ்சு சிமெண்டு வச்சுப் பூசுனாவ பாருங்க, கண்ணாடி மாதிரி. ஒரு சொட்டுத் தண்ணி எறங்கல. வெயில்ல சுவரு வெள்ளை வெளேர்னு காஞ்சு நின்னுச்சு. வேலை பாத்தவங்களுக்கெல்லாம் நாந்தான் டீ கொண்டு போயிக் குடுத்தேன். பலவேசத்துக்கு மெமோ குடுத்தாவளாம். அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்குனேன்.

ஆனா அவன் வன்மம் சாதாரண வன்மம் இல்ல அண்ணாச்சி. அதுக்குப் பெறவுதான் பாத்துக்கிடுங்க, மீனு கொறைய ஆரம்பிச்சுச்சு. ஒடனே இல்ல. மொதல்ல சின்ன விலாங்கு காணல. பெருசு மட்டும் கெடைக்கும், கைத்தண்டி கைத்தண்டியா. நாங்களும் நல்லதுன்னு நெனச்சோம். வருசம் போவப் போவ பெருசும் அத்துப் போச்சு. தெருவுல ஒவ்வொருத்தனா கட்டட வேலைக்குப் போனான், திருப்பூருக்குப் போனான். எங்க வீட்டு ஆளு முங்கி முங்கி வெறுங்கையோட வருவாவ. ஒரு நாள் கரையில உக்காந்து கையப் பாத்துக்கிட்டே அழுதாவ. நான் அவிய அழுது அதுக்கு முன்ன பாத்ததில்ல. அப்பதான் எனக்குப் பொறி தட்டுச்சு. பிரியையும் கசிவையும் கெடுத்த ஆத்திரத்துல அவன் அதவிடப் பெரிய மந்திரக் கட்டாப் போட்டுட்டான்னு.

அவன் டீக்கடையில சொல்லிட்டுத் திரிஞ்ச நாயத்தக் கேக்கணுமே. விலாங்கு கடல்ல பொறக்குதாம். நூலு கணக்கா குஞ்சு, ஐப்பசித் தண்ணி வாசம் புடிச்சு ஆத்துக்குள்ள ஏறி வருதாம். வார வழியில மணல அள்ளி ஆறு பரந்து போச்சாம், முழங்கால் தண்ணி கூட இல்லாம வெயில்ல கொதிக்காம், பாதி அங்கனயே சாவுதாம். மிச்சம் வந்து கட்டுச் சுவத்துல முட்டிக்கிட்டு நிக்காம். நிக்கதத் தின்ன தேளி மீனும் கொக்கும் காக்காவும் காத்துக் கெடக்காம். நனைஞ்ச சுவரு இருந்தா ஒட்டிக்கிட்டே ஏறிருமாம், பிரி இருந்தா இன்னும் லேசா ஏறுமாம். இப்பக் காஞ்ச சுவத்துல எங்கன ஏறும்ங்கான். நல்லாருக்கா கதை? மீனு சுவரு ஏறுமா அண்ணாச்சி? அதுவும் குஞ்சு? சினிமாவுக்கு எழுதப் போவலாம் அவன்.

நான் விலாங்கு அறுத்து வளர்ந்தவ. எங்கய்யா வீட்டுலயும் இதே தொழிலுதான். எத்தன வயித்தக் கீறியிருப்பேன்னு எனக்கே தெரியாது. கெண்டைய அறுத்தா சினை இருக்கு. விராலு, கெளுத்தி, அயிரை, எது வயித்தக் கீறுனாலும் அந்தந்த மாசம் சினை இருக்கு. விலாங்கு வயித்துல ஒரு முட்டை, ஒரே ஒரு முட்டை, நான் பாத்ததில்ல. எங்கம்மை பாத்ததில்ல. எந்தக் கொம்பனும் பாத்திருக்க மாட்டான். ஏன்? அது முட்டையில பொறக்குத மீனு இல்ல. கசத்துச் சேறு இருக்குல்லா, கருப்பா, வழுவழுன்னு, அதுல தன்னால உண்டாவுது. சேத்த ஒரு கை அள்ளிப் பாருங்க, அதே வழுவழுப்புதான். அணைக்கட்டுல உக்காந்து ஷட்டர் திருப்புனவன் எனக்கு விலாங்கப் பத்திப் பாடம் எடுக்கான்.

அதனால சேத்துலதான் கைய வச்சிருக்கான்னு எனக்குத் தெளிவாத் தெரிஞ்சு போச்சு. எப்பிடின்னுதான் தெரியல. அதுவும் ஒரு நாள் தெரிஞ்சுச்சு.

போன வருசம் ஐப்பசி. வெள்ளன எந்திரிச்சு ஆத்துக்குப் போறேன், அவன் கட்டுக்குக் கீழ இருந்து குடத்தத் தூக்கிக்கிட்டு படி ஏறுதான். பிளாஸ்டிக் கொடம். மூச்சு வாங்குது, ரிட்டயராவப் போற வயசு, முட்டியப் புடிச்சுக்கிட்டு ஏறுதான். மேல வந்து நம்ம பக்கத்துத் தண்ணியில பைய, சத்தம் வராம, ஊத்துதான். திரும்பக் கீழ எறங்குதான், கொசுவலைத் துணிய வச்சு சுவத்தடியில கோருதான், குடத்துல போடுதான், ஏறுதான். நான் ஓடிப்போயி குடத்தப் புடிச்சு இழுத்து உள்ள பாத்தேன். அய்யோ, அத ஏன் கேக்கிய. கருப்பா, நூலு நூலா, ஆயிரக்கணக்குல நெளியுது. புழு. ஒடம்பெல்லாம் எனக்கு அரிச்சுப் போச்சு.

என்னலே இதுன்னு கேட்டேன். வயசுல மூத்தவன்தான், அந்த நேரத்துல மரியாதை வரல.

அவன் நிதானமா சொன்னான்.

"சத்தம் போடாத முப்பிடாதி. இது எல்லாம் ஒங் கசத்துக்குத்தான் போவுது."

கேட்டியளா? அவன் வாயாலயே. எங் கசத்துக்குத்தான் போவுதாம். இத்தன வருசமா நான் என்ன சொன்னேன்? கோட்டிக்காரி, பைத்தியக்காரின்னு என்னையச் சொன்னவன் எவனெவன்? எங்க வீட்டு ஆளே சொன்னாவ, விடு முப்பிடாதி, அவன் பாட்டுக்கு இருக்கான்னு. அவன் ஒத்துக்கிட்டான்லா. கசத்துச் சேத்தத் திங்கப் புழு விட்டிருக்கான். சேத்தப் புழு தின்னா மீனு எதுலேருந்து உண்டாவும்?

போட்ட கூப்பாட்டுல ஊரு கூடிட்டு. புழு என் கசத்துக்குப் போவுதுன்னு சொன்னா எவன் கேப்பான், அவனவன் சோலியப் பாத்துப் போயிருவான். அதனால மாத்திச் சொன்னேன். கட்டுக்கு மேலதான குடிதண்ணி மோட்டாரு இருக்கு? நம்ம குடிக்க தண்ணியில புழு விடுதான்னு சொன்னேன். பொய்யா? இல்லையே. அங்கனதான ஊத்துனான். ஒரு பொம்பளை வாந்தியே எடுத்துட்டா. எவனோ செல்போன்ல படம் புடிச்சான், மத்தியானத்துக்குள்ள அது எங்கெங்கயோ சுத்திட்டு. கசிவுக்கு நான் வருசக்கணக்கா நடந்தேன். புழுவுக்கு மறுநாளே ஆபீசருமாரு வந்துட்டாவ.

அவன் அவங்ககிட்டயும் அதே கதையத்தான் சொன்னான், கடலு, குஞ்சு, சுவரு. ஒரு ஆபீசர் தலைய ஆட்டுனாரு, இருக்கலாம், விசாரிக்கணும்னாரு. ஆனா கூடி நின்ன சனம் விடுமா? வெளியூருக்குத் தூக்கிப் போட்டுட்டாவ. ரிட்டயராவ ஒரு வருசம் கூட இல்ல, மலைமேல ஏதோ அணையாம், குளிரு நடுக்குமாம். அவன் பொண்டாட்டிக்கு ஏற்கனவே காலு வாதம்.

சாமான ஏத்துன அன்னைக்கு நான் தலைக்குக் குளிச்சு, நல்ல சேலை உடுத்தி, குட்டியானை வண்டிக்கு எதுக்கவே போயி நின்னேன். பாக்கணும்லா. அவ வண்டியில ஏற முடியாம ஏறுதா, ரெண்டு பேரு தூக்கி விடுதாவ. என்னையப் பாத்தா. நானும் பாத்தேன். மொதக் கிண்ணம் கொழம்பு வாங்குன கையி. மனசுக்குள்ள என்னமோ செஞ்சுது, இல்லன்னு சொல்லல, ஆனா எம் மவ தலையில பூ வைக்க விடாமப் பண்ணுனவன் அவ புருசன். அத நெனச்சேன், கல்லாயிட்டேன்.

வண்டி கெளம்புததுக்கு முன்ன அவன் எங்கிட்ட வந்தான். சண்டைக்கு வாறான்னு முந்தானைய இழுத்துச் சொருகிட்டேன். ஆனா கையெடுத்துக் கும்புட்டுட்டு நிக்கான்.

"எம் மேல உள்ள கோவத்த எம் மேல வச்சுக்கோ தாயி. வார ஐப்பசிக்கு நீ ஒரு தடவை சுவத்தடியில போயிப் பாரு. ரெண்டு கொடம் கோரி மேல ஊத்து. நான் இல்லன்னா அதுகளுக்கு ஆளில்ல."

அந்த நெஞ்சழுத்தத்தப் பாத்தியளா? போவும்போதும் என் கையாலயே எங் கசத்துல புழு விட வைக்கப் பாக்கான். காறித் துப்பிட்டு வந்துட்டேன். ஆனா அவன் சொன்னதும் நல்லதாத்தான் போச்சு. இல்லன்னா எனக்குத் தோணியிருக்காது.

இந்த ஐப்பசி, மழை நின்ன மறுநாள், சுவத்தடிக்குப் போனேன். அவன் போயிட்டான், அவன் ஏவி விட்டது போவல. குட்டை மாதிரித் தேங்கிக் கெடக்கு தண்ணி, அதுல பூரா அந்தப் புழு. கருகருன்னு, தண்ணியே தெரியல. சும்மா கெடந்தாலும் பரவாயில்ல, அது சுவத்துல ஏறுது அண்ணாச்சி. சத்தியமா என் கண்ணால பாத்தேன். ஒட்டிக்கிட்டே ஒரு சாண் ஏறும், காஞ்ச எடம் வந்ததும் வழுக்கி விழும், திரும்ப ஏறும், திரும்ப விழும். எங்க கசத்தப் பாத்துத்தான் ஏறுது. அவன் ஏவல் அப்பிடி. ஒரு கொக்கு நின்னு கொத்திக்கிட்டு இருந்துச்சு, அது எத்தனையத்தான் திங்கும்?

வீட்டுக்கு வெள்ளை அடிக்க வாங்கி வச்ச கல்லுச் சுண்ணாம்பு ஒரு சாக்கு கெடந்துச்சு. வெள்ளை அடிச்சு என்ன செய்ய, பொழப்பே போன வீடு. தலையில தூக்கிட்டுப் போயி குட்டையில கொட்டுனேன். கொதிச்சுது பாருங்க, பொகை வந்துச்சு. அப்பவும் அதுக சுவத்துல ஏறத்தான் பாத்துது. கையோட கொண்டு போன வாரியல எடுத்துப் பெருக்கித் தள்ளித் தள்ளி விட்டேன். தண்ணி பூரா பாலு மாதிரி ஆயி, மேல எல்லாம் வெளுத்து மெதந்துச்சு. அம்புட்டு வருச வயித்தெரிச்சலும் அப்பதான் அண்ணாச்சி எனக்கு அடங்குச்சு.

ஒண்ணுகூட மேல போவல. கடைசி வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். அய்யாவுக்கு இப்பதைக்கு வேற வைத்தியம் பாருங்க. போன் நம்பரக் குடுத்துட்டுப் போங்க. இனி கசத்துச் சேத்துக்கு ஒரு தொந்தரவும் இல்ல, மீனு வந்ததும் மொத போன் ஒங்களுக்குத்தான்.